'எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்ற கார்டை யார் சரிபார்க்கிறார்கள்?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுச் சித்தூருக்கும் நடுவில், எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் 25 நிமிடக் குறும்படம் எடுக்கப் போகிறார். மாமா வீட்டுப் பசு ஒன்று அதில் சாக வேண்டும், ஒரு நாய் பையனைத் துரத்த வேண்டும், திண்ணையில் கூண்டுக்கிளி ஒன்று தொங்க வேண்டும். படத்தின் தொடக்கத்தில் 'எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்று ஒரு கார்டு போட்டுவிட்டால் போதாதா, அந்த வரியை உண்மையில் யாராவது சரிபார்க்கிறார்களா என்பது கேள்வி.

நான் கால்நடை மருத்துவர், ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. வீடு கொழிஞ்சாம்பாறை. கொல்லங்கோடு, முதலமடை பக்கம் ஷூட்டிங் வராத மாதமே கிடையாது என்பதால் மாட்டுக்கும் குதிரைக்கும் ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் எழுதிக் கொடுத்தே பேனா தேய்ந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

அந்தக் கார்டு நம் ஊரில் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. அமெரிக்காவில் கதை வேறு. 1939இல் வந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக ஒரு குதிரையை உயரமான பாறையிலிருந்து தண்ணீரில் விழவைத்தார்கள், குதிரை செத்தது. அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் 1940 முதல் அமெரிக்கன் ஹ்யூமேன் என்ற அமைப்பின் ஆட்கள் ஷூட்டிங்கில் போய் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். படத்தின் கடைசியில் ஓடும் அந்த வரி அவர்கள் கொடுக்கிற சான்று. அப்போ அது நம்பகமானதா என்றால், அதிலும் பாதிதான். 'தி ஹாபிட்' எடுத்தபோது, நியூசிலாந்தில் விலங்குகளைக் கட்டி வைத்திருந்த பண்ணையில் குதிரை, ஆடு, கோழி என்று 27 வரை செத்ததாக அவற்றைப் பார்த்துக்கொண்டவர்களே 2012இல் வெளியே வந்து சொன்னார்கள். கேமரா முன்னால் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பண்ணை எங்கள் கண்காணிப்பில் வராது என்பதுதான் அதற்கு அமெரிக்கன் ஹ்யூமேன் சொன்ன பதில். அந்தப் பதிலை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்ல வருவது முழுக்க அதைப் பற்றித்தான். ஷாட்டுக்குள் மாட்டுக்கு நேர்வது குறைவு. லாரியில், வெயிலில், காத்திருப்பில், ஷூட்டிங் முடிந்து வீடு போகிற வழியில் நேர்வதுதான் அதிகம்.

சட்டத்துக்கு வருவோம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1960இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன் கீழ் 2001இல் வித்தை காட்டும் விலங்குகளைப் பதிவு செய்வதற்கான விதிகள் வந்தன, சினிமாவும் அதில்தான் அடங்கும். விலங்கு நல வாரியத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். என்ன விலங்கு, என்ன வயது, உடல்நிலை எப்படி, அது என்ன செய்யப் போகிறது, எவ்வளவு நேரம், எப்படிப் பழக்கினீர்கள், எதற்காக அது கதைக்குத் தேவை என்று எல்லாம் எழுதி, கால்நடை மருத்துவரின் சான்றிதழோடு தர வேண்டும். எங்கே, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஷூட்டிங் என்பதை நான்கு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். படம் முடிந்த பிறகு வாரியத்தின் தடையில்லாச் சான்று இருந்தால்தான் சென்சாரில் மேலே நகரும். இந்த வாரியம் 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று தொடங்கியது, அலுவலகம் ரொம்ப காலம் சென்னையில் திருவான்மியூரில்தான் இருந்தது. 2018இல் ஹரியானாவில் உள்ள பல்லப்கருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றிலிருந்து நம் பக்கத்துப் படக்காரர்கள் புலம்புவதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஒரு கோழி நடக்கிற ஷாட்டுக்கு டில்லி தாண்டி ஓட வேண்டியிருக்கிறது.

'நான் யூடியூபில்தானே போடப் போகிறேன், சென்சாரே கிடையாதே' என்று உங்களுக்குத் தோன்றும். சென்சார் கிடையாது, சரி. 1960 சட்டம் யூடியூப், தியேட்டர் என்று பார்ப்பதில்லை, மாட்டைத்தான் பார்க்கும். ஆனால் அந்தச் சட்டத்தின் அபராதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கொடுமைக்கு முதல் தடவை பிடிபட்டால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. கோவிந்தாபுரம் செக்போஸ்ட் டீக்கடையில் நாலு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிட அதிகம் வரும். கொன்றாலோ ஊனமாக்கினாலோ மட்டும் கதை மாறும், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. 2021இல் ஹைதராபாத் பக்கம் ஒரு பெரிய சரித்திரப் படத்தின் ஷூட்டிங்கில் குதிரை செத்து, தயாரிப்பு நிறுவனத்தின் மீதும் குதிரையின் சொந்தக்காரர் மீதும் போலீஸ் வழக்குப் பதிந்தது பேப்பரில் வந்தது. தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் ஓட்டினார்கள் என்பது புகார். நாளைக்கு 30 லிட்டருக்கு மேல் குடிக்கிற உருப்படி குதிரை, வேர்த்து ஓடினால் இன்னும் கேட்கும்.

அந்த 2001 விதிகளை ஒரு தடவை உட்கார்ந்து படித்துப் பாருங்கள், எழுதியவர் ஷூட்டிங் பார்த்தவர் என்று தெரியும். குதிரையைத் தடுக்கி விழவைக்கக் கம்பி கட்டக் கூடாது, குழி வெட்டக் கூடாது. நெருப்புக்குப் பக்கத்தில், வெடிச் சத்தத்துக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. வழுக்குகிற தரையில் விரிப்பு போடாமல் நடத்தக் கூடாது. மயக்க ஊசி போடக் கூடாது. சினையாக இருந்தாலோ நோயாக இருந்தாலோ நடிக்கவைக்கக் கூடாது. பாம்பைத் தார் ரோட்டில் ஊரவிடக் கூடாது. ரோட்டில் ஒரே மூச்சாக எட்டு மணி நேரத்துக்கு மேல் ஏற்றிப் போகக் கூடாது. எனக்குப் பிடித்தது விளக்கு விதி: செயற்கை வெளிச்சத்தில் காட்டினால் 500 லக்ஸுக்கு மேல் போகக் கூடாதாம். 500 லக்ஸ் என்பது ஒரு ஆபீஸ் மேஜை மேல் இருக்கிற வெளிச்சம். பதினெட்டு கிலோவாட் விளக்கை கிரேனில் தூக்கி ராத்திரி வயலைப் பகலாக்கிக்கொண்டு, அதற்கு நடுவில் ஒரு கன்றுக்குட்டியை நிறுத்தி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். லக்ஸ் மீட்டர் அங்கே கேமராமேன் கையில்தான் இருந்தது, அவர் அளந்தது கதாநாயகியின் முகத்தை.

கிளியை விட்டுவிடுங்கள், அதில் பேச்சே இல்லை. நாம் வளர்க்கிற பச்சைக்கிளி வன உயிரினச் சட்டத்தில் வருகிறது, வீட்டில் வைத்திருப்பதே தப்பு. போதாததற்குப் பறவையைக் கூண்டில் காட்டவே கூடாது என்று அந்த விதிகளில் தனியாக இருக்கிறது. காலிக் கூண்டைத் தொங்கவிட்டு சத்தத்தை மட்டும் சேர்த்தால் உங்கள் கதைக்கு அது இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம், நான் டைரக்டர் இல்லை. குரங்கும் முடியாது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு அறிவித்தபோது, எதிர்த்து வழக்குப் போட்டது சர்க்கஸ்காரர்கள். சர்க்கஸுக்குத் தலைநகரம் தலசேரி என்பதால் கேரள ஹைகோர்ட்டில்தான் அது பெரிதாக நடந்தது. 2000இல் ஹைகோர்ட் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது, மனிதனுக்கு உரிமை இருந்தால் விலங்குக்கு ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்வியையும் அதிலேயே எழுப்பியது. அடுத்த வருடம் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2011இல் அந்தப் பட்டியலில் காளையைச் சேர்த்தார்கள், ஜல்லிக்கட்டுத் தகராறு முற்றியது அதன் பிறகுதான். அது தனிக் கதை, அதற்குள் இப்போது போக வேண்டாம்.

யானை வைத்து எடுக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பது சந்தோஷம். சின்னப்பா தேவர் காலம் இல்லை இது. கோயமுத்தூர்க்காரர், யானையை வைத்து 1971இல் 'ஹாத்தி மேரே சாத்தி' எடுத்து இந்தியா முழுக்க ஓட்டி, அதையே எம்.ஜி.ஆரை வைத்து 'நல்ல நேரம்' ஆக்கியவர். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எனக்கே இந்தப் படிப்பு படிக்கத் தோன்றியது என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் 2024 அக்டோபரில் கோதமங்கலம் பக்கம் பூதத்தான்கெட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு தெலுங்குப் படத்துக்கு ஐந்து யானை கொண்டுவந்திருந்தார்கள். அதில் மணிகண்டன் என்ற கொம்பன் இன்னொரு கொம்பனைக் குத்தப் போக, குத்துப்பட்டது காட்டுக்குள் ஓடிவிட்டது. அதன் பெயர் புதுப்பள்ளி சாது. பெயரே சாது. ராத்திரி முழுக்கக் காட்டில் இருந்து, மறுநாள் காலடியும் சாணமும் பார்த்துப் போய்க் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். மனிதர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதில் நாம் யோசிக்க வேண்டியது, பழக்கமில்லாத இரண்டு ஆண் யானைகளை ஒரே இடத்தில் பக்கத்தில் நிறுத்த யார் சரி என்று சொன்னார்கள் என்பதைத்தான். எந்தப் பாகனும் தானாக அதைச் செய்ய மாட்டான். ஷாட்டுக்கு அழகாக இருக்கும் என்று யாரோ கேட்டிருப்பார்கள், இல்லை என்று சொல்ல அங்கே ஆள் இருந்திருக்காது.

இனி என் கதை ஒன்று. எந்தப் படம், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், ஏப்ரல் மாதம். மூலத்தறை வாய்க்கால் ஓரமாக ஒரு மாட்டுவண்டி காட்சி, ஹீரோவின் அப்பா வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான், சண்டை இல்லை, நெருப்பு இல்லை. ஆறரை மணிக்கு நான் போய் இரண்டு எருதையும் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, கண், மூக்கு, குளம்பு எல்லாம் சுத்தம், அசைபோட்டுக்கொண்டு நின்றன. கையெழுத்துப் போட்டேன். ஏழு மணிக்கு நுகத்தில் பூட்டினார்கள். ஹீரோவின் அப்பாவாக நடிக்கிறவர் வரவில்லை. வந்தார், மேக்கப். அப்புறம் வெளிச்சம் மாறிவிட்டது. அப்புறம் சாப்பாடு. இந்தப் பக்கம் பாலக்காட்டு வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்கு நாற்பதைத் தொட்டிருக்கும். 'எப்ப வேணா கூப்பிடுவாங்க' என்று சொல்லி மாட்டை அவிழ்க்க விடவில்லை. யூனிட்டில் அத்தனை பேருக்கும் குடை இருந்தது, கேமராவுக்குத் தனியாகக் குடை இருந்தது. நான் மத்தியானம் வேறு வேலைக்குப் போய்விட்டு இரண்டரை மணிக்கு அந்த வழியாகத் திரும்பும்போது பார்த்தால், மாடு இரண்டும் அதே நுகத்தில், அதே இடத்தில்.

வலது மாட்டின் விலாவைப் பார்த்து எண்ணினேன். நிழலில் நிற்கிற மாடு நிமிடத்துக்கு 25, 30 தடவை மூச்சு விடும். இது 90ஐத் தாண்டியது. வாய் திறந்திருந்தது, எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது, நாக்கு வெளியே வரத் தொடங்கியிருந்தது. மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம், நாய் மாதிரி அதற்கு அது சகஜமான காரியம் இல்லை. புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய் நிறுத்துங்கள் என்றேன். 'ஒரு டேக் கூடி மதி டாக்டரே' என்றார், இன்னும் ஒரே ஒரு டேக் போதும் என்று. அதற்கு முன்னால் ஏழு டேக் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது, ஏழிலும் மாட்டின் மேல் தப்பில்லை. நான் நின்று வாதாடிக்கொண்டிருந்தேன், படித்தவன் அல்லவா, விதி எண் எல்லாம் சொல்லி. மாட்டுக்காரர் அறுபது வயதுக்காரர், ஒரு வார்த்தை பேசாமல் நுகத்தடிக்குப் பக்கத்தில் போய் பூட்டாங்கயிற்றை உருவி இரண்டையும் கழற்றி வாய்க்காலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். 'இன்னொரு வாட்டி வேணும்னா நுகத்துக்கு நீங்க வாங்க' என்று திரும்பாமலே சொன்னார். அவருக்கு அன்றைய வாடகை முழுதாக வரவில்லை, பாதிதான் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தப் படத்திலும் கார்டு வந்தது. பொய் என்று சொல்ல முடியாது, அடிக்கவில்லை, குத்தவில்லை, விழவைக்கவில்லை. என் கையெழுத்தும் பொய் இல்லை, ஆறரை மணிக்கு அந்த மாடுகள் நன்றாகத்தான் இருந்தன.

கையெழுத்து என்றதும் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இது என் தப்பு. ஒரு குதிரைக்குச் சேணம் ஏற்றியபின் கூப்பிட்டார்கள், அவசரம் என்றார்கள். நடை பார்த்தேன், நாடி பார்த்தேன், சேணத்தைக் கழற்றச் சொல்லவில்லை. சாயந்திரம் கழற்றும்போது அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய புண், சீழ் பிடித்துப் பொருக்கு பெயர்ந்திருந்தது. அதன் மேல்தான் நாள் முழுக்க ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் நான் சேணம் கழற்றாத குதிரைக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பி சர்ட்டிஃபிகேட் கேட்கிறார்கள் என்று இளைய டாக்டர்கள் சொல்கிறார்கள், போட்டோவில் புண் தெரியாத பக்கம்தான் வரும்.

சரி, உங்கள் படம். பசு சாகிற காட்சியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதற்கு ஊசியும் வேண்டாம், கயிறு போட்டுக் கீழே தள்ளவும் வேண்டாம். காலையில் மேய்ந்துவிட்டு வந்த மாடு பத்து, பதினொரு மணிக்குத் தானாகவே படுக்கும், அசைபோடும், நடுவில் கண் சொக்கும், சிலது தலையை வயிற்றுப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு தூங்கவும் செய்யும். தாடை ஆடுவதுதான் காட்டிக்கொடுக்கும், அதனால் வாயை ஃப்ரேமுக்கு வெளியே வையுங்கள். கண், காது, விலா, பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற மனிதரின் கை, இது போதும், மீதியைப் பார்க்கிறவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். கேமராவை முதல் நாளே கொட்டகையில் காலியாக வைத்துப் பழக்கிவிடுங்கள். புதிய ஆட்கள் எட்டுப் பேர் திடீரென்று சூழ்ந்தால் எந்தப் பசுவும் படுக்காது. மாமாவிடம் அது சினையா என்று மட்டும் கேளுங்கள், சினை என்றால் வேறு மாடு பாருங்கள். கன்று இருந்தால் அதைக் கண் பார்வையில் கட்டுங்கள், கன்றைப் பிரித்து வைத்து அம்மா கத்துவதை எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த ஆளைச் சாப்பாடு வாங்க அனுப்பிவிடுங்கள்.

நாய் துரத்துவது அதைவிடச் சுலபம். நாய்க்குப் பையன் மேல் கோபம் வரவேண்டியதில்லை, பிரியம் இருந்தால் போதும். அந்த வீட்டுப் பையனையே ஓடவிட்டால் நாய் விளையாட்டாகப் பின்னாலேயே வரும், முதுகுப் பக்கமிருந்து எடுத்துக் குரைப்பை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வேகவைத்த ஈரலோடு சொந்தக்காரர் நிற்கட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள், காலை ஒன்பது மணிக்குப் பிறகு தார் ரோடு வேண்டவே வேண்டாம். உங்கள் உள்ளங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள், அங்கே வைத்திருக்க முடியவில்லை என்றால் அதற்கும் முடியாது.

மாட்டை மாமா வீட்டிலேயே வைத்து எடுங்கள் என்பது என் கெட்டியான யோசனை. லொகேஷன் அழகாக இருக்கிறது என்று தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கேரளத்துக்கு ஏற்றிப் போனால் செக்போஸ்ட், பேப்பர், கோமாரி பயம் எல்லாம் சேரும், ஒரு பழகாத மாடு டெம்போவில் நின்றுகொண்டு வந்து இறங்கினால் அன்றைக்கு அது பால் கறக்காது, நடிக்கவும் நடிக்காது.

கடைசியாக, ஷூட்டிங் தொடங்கும் முன் எல்லோர் முன்னாலும் ஒன்று சொல்லிவிடுங்கள்: மாமா 'போதும்' என்றால் போதும், டைரக்டர் நீங்களே ஆனாலும் அதன் பிறகு டேக் இல்லை. சம்பளத்தைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள், பாதி, மீதி என்று வைத்தால் அவர் வாய் திறக்க மாட்டார், சொந்த மருமகன் என்றாலும்.

நீங்கள் எழுதியிருந்த தேதி வியாழக்கிழமை விழுகிறது. செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை, விடியற்காலையிலிருந்து கோபாலபுரம் ரோடு முழுக்க மாட்டு லாரிதான், ஹாரன் சத்தத்தில் உங்களுக்கு ஒரு வரி வசனம் கூட தேறாது. வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், முடிந்தால் நானும் வந்து ஒரு நடை பார்த்துவிட்டுப் போகிறேன்.